அம்மா கிளாஸ்

காலை ஒன்பது நாற்பதுக்கு, கண் ஆஸ்பத்திரியின் காத்திருப்புக் கூடத்தில் உட்கார்ந்திருந்த அறுபது பேரைப் பார்த்து, சுவரில் இருந்த டோக்கன் போர்டு சிவப்பு எழுத்தில் ஒரு கேள்வி கேட்டது.

‘நீங்கள் இன்னும் உயிரோடு இருக்கிறீர்களா?’

சொட்டு மருந்து விட்டுக்கொண்டு கண்ணை மூடியிருந்தவர்கள், என்ன எழுதியிருக்கு என்று பக்கத்தில் இருந்தவர்களைக் கேட்டார்கள். படித்துச் சொல்லச் சங்கடப்பட்டவர்கள், ஒன்றுமில்லை, பொதுவாக விசாரிக்கிறார்கள் என்று சமாளித்தார்கள்.

முன்வரிசையில் இருந்த மீசைக்காரர் மட்டும் எழுந்து கவுன்ட்டருக்குப் போனார்.

“பதினேழாம் நம்பர். இருக்கேன். எழுதிக்கோங்க.”

கவுன்ட்டரில் இருந்த பெண்மணியை ஆஸ்பத்திரி முழுவதும் ‘கவுன்ட்டர் அக்கா’ என்றுதான் கூப்பிடும். பன்னிரண்டு வருஷமாக அதே நாற்காலி. யார் வந்து எதைச் சொன்னாலும் முதலில் எழுதிக்கொண்டு அப்புறம்தான் ஏன் என்று யோசிப்பார். எழுதிக்கொண்டார். போர்டை நிமிர்ந்து பார்த்தார். இன்டர்காமை எடுத்தார்.

“கம்ப்யூட்டர் சார், கொஞ்சம் வெளியில வந்து பாருங்க. போர்டு எல்லாரையும் நலம் விசாரிக்குது.”

கம்ப்யூட்டர் சார் வந்து பார்த்தார். அந்த வாக்கியம் அவரே எழுதியது. ஆஸ்பத்திரி ஆயிற்றே, மரியாதையாக இருக்கட்டும் என்று ‘இருக்கிறாயா’வை ‘இருக்கிறீர்களா’ என்று திருத்தியதும் அவரேதான்.

கேள்வி மனிதர்களுக்காக எழுதப்பட்டதல்ல. கருவிகளுக்காக.

அந்த ஆஸ்பத்திரியில் அவர் பொறுப்பில் மூன்று கருவிகள் இருந்தன. கூடத்தில் டோக்கன் போர்டு. டாக்டர் அறை வாசலில் அடுத்த ஆளைக் கூப்பிடும் மணி. மருந்து ஃபிரிட்ஜுக்குள் ஒரு வெப்பமானி. மூன்றோடும் அவருடைய கம்ப்யூட்டர் டேட்டாகிராம் என்கிற முறையில் பேசும். டேட்டாகிராம் என்றால் துண்டுச்சீட்டு. எழுதி, சுருட்டி, எதிர்ப்பக்கம் வீச வேண்டியது. போய்ச் சேர்ந்ததா, வழியில் தொலைந்ததா, வீசியவருக்குத் தெரியாது. பதில் சீட்டு வந்தால் சேர்ந்தது என்று அர்த்தம். வராவிட்டால் மறுபடி வீசிப் பார்க்கலாம், அவ்வளவுதான்.

மூன்று கருவிக்கும் மூன்று புரோகிராம். மூன்றிலும் வீசுகிற, காத்திருக்கிற, மறுபடி வீசுகிற அதே நாற்பது வரிகள். இப்போது மாடியில் நான்காவதாக ஒரு போர்டு வரப்போகிறது. அந்த நாற்பது வரிகளை நகலெடுத்து ஒட்டியிருந்தால் அரைமணி நேர வேலை. கம்ப்யூட்டர் சாருக்கு அது அழகாகப் படவில்லை. பொதுவான வரிகளையெல்லாம் பிடுங்கி, புரோகிராம் பாஷையில் கிளாஸ் என்கிற ஒரே தொகுப்பாக வைத்து, அதற்கு ‘அம்மா கிளாஸ்’ என்று பெயர் வைத்தார். போர்டு, மணி, வெப்பமானி எல்லாம் இனி அதன் பிள்ளைகள். சீட்டு வீசுவதை அம்மா பார்த்துக்கொள்வாள்; பிள்ளைகள் தங்களுக்கு மட்டும் உள்ள தனி விஷயத்தைச் சொன்னால் போதும். அரைமணி நேர வேலை இப்படியாக மூன்று வாரங்களில் சிறப்பாக முடிந்தது.

“இனிமே எதைத் திருத்தணும்னாலும் ஒரே இடத்துல திருத்தினாப் போதும்கா. எல்லாப் பிள்ளைங்களும் திருந்திடும்,” என்று நேற்றுதான் கவுன்ட்டர் அக்காவிடம் பெருமையாகச் சொல்லியிருந்தார்.

“கேக்க மாமியார் கிளாஸ் மாதிரி இருக்கு,” என்றார் அக்கா.

சீட்டு வீசுவதற்கு முன்னால் எதிரில் கருவி விழித்திருக்கிறதா என்று ஒரு வார்த்தை கேட்டுக்கொள்வது நல்ல பழக்கம். அந்தத் தொழிலில் கருவி பதில் சொன்னால் ‘உயிரோடு இருக்கிறது’ என்பார்கள், இல்லாவிட்டால் ‘செத்துவிட்டது’. சேர்ந்த புதிதில் அவர் வராந்தாவில் நின்று ஃபோனில், “ஒண்ணு செத்துடுச்சு, ரெண்டு உயிரோட இருக்கு, சாயங்காலத்துக்குள்ள பாத்துடலாம்,” என்று பேசிக்கொண்டிருந்ததைக் கேட்டு இரண்டு நோயாளிகள் வேறு ஆஸ்பத்திரிக்குப் போய்விட்டதாகப் பேச்சு.

ஆகவே அம்மா கிளாஸுக்குள் அந்தக் கேள்வியை வைத்தார். ஃபிரிட்ஜில் சோதித்தும் பார்த்தார். உயிரோடு இருக்கிறீர்களா என்று கேட்டதற்கு ஃபிரிட்ஜ், ‘நாலு டிகிரி’ என்றது. எதைக் கேட்டாலும் அது நாலு டிகிரி என்றுதான் சொல்லும் என்பதும், வருகிற சீட்டில் என்ன இருந்தாலும் போர்டு அதை அப்படியே ஊருக்குக் காட்டும் என்பதும், இன்று பெரிய டாக்டரின் டீ நேரத்தில் புதுப் புரோகிராமை எல்லாக் கருவிக்கும் ஓட்டியபோது அவருக்கு நினைவுக்கு வரவில்லை.

இதெல்லாம் வேறொரு நாள் நடந்திருந்தால் சிரித்துவிட்டுப் போயிருப்பார். இன்றைக்கு முடியாது.

அவரை ஆறு மாதம் பார்க்கலாம் என்றுதான் வேலைக்கு எடுத்தார்கள். ஆறு மாதம் முடிந்து ஏழாவது ஓடுகிறது. இருங்கள் என்றும் சொல்லவில்லை, கிளம்புங்கள் என்றும் சொல்லவில்லை. கேட்கலாம்தான். கேட்டால், நல்லவேளை ஞாபகப்படுத்தினீர்கள், கிளம்புங்கள் என்று சொல்லிவிட்டால்? அதனால் பெரிய டாக்டர் எதிரில் வந்தால் இவர் படிக்கட்டுப் பக்கம் திரும்பிவிடுவார். பெரிய டாக்டரும் கொஞ்ச நாளாக இவரைப் பார்த்ததும் ஏதோ கேட்க வந்து கேட்காமல் போவதுபோல் இருந்தது. அது நல்லதற்கில்லை என்று பட்டது.

வீட்டில் ஒன்பது அட்டைப்பெட்டிகள் கட்டினபடியே இருந்தன. நான்கு வருஷத்தில் மூன்று ஊர் மாறியாயிற்று. வேலை நிரந்தரம் என்று காகிதத்தில் பார்த்தால்தான் பெட்டியைப் பிரிப்பேன் என்று மனைவி சொல்லிவிட்டாள். கோபமாகக்கூடச் சொல்லவில்லை. பிரித்துப் பிரித்துக் கட்டி விரல் நகமெல்லாம் போச்சு என்றாள். தட்டு வேண்டுமென்றால் மூன்றாம் நம்பர் பெட்டியிலிருந்து எடுத்து, கழுவி, மறுபடி அதிலேயே வைப்பாள். சுவர்க்கடிகாரம் ஏழாம் நம்பர் பெட்டிக்குள் ஓடிக்கொண்டிருந்தது. மணி பார்க்க வேண்டுமென்றால் மூடியைத் திறந்து குனிய வேண்டும். சில ராத்திரிகளில் அவருக்கு அந்த டிக் டிக் தலையணைக்குள் கேட்கும்.

இன்று காலை ஷூ மாட்டும்போது மனைவி வாசலுக்கு வந்தாள். வீட்டுக்காரம்மா அடுத்த வருஷமும் இருக்கிறீர்களா என்று கேட்கிறாராம். வேறு ஆள் பார்த்து வைத்திருக்கிறாராம். இன்று மதியத்துக்குள் சொல்ல வேண்டுமாம்.

“கடைக்குப் போறேன். டேப் வாங்கவா, கத்திரி வாங்கவா?” என்றாள்.

டேப் என்றால் கட்ட. கத்திரி என்றால் பிரிக்க. கேட்டுவிட்டுச் சொல்கிறேன் என்று வந்திருந்தார்.

இப்போது போர்டுக்கு அடியில் நின்றுகொண்டு, இன்றைக்கு எப்படியும் கேட்பதற்கு முன்னாலேயே பதில் கிடைத்துவிடும் என்று நினைத்துக்கொண்டார். அறைக்கு ஓடிப்போய் புரோகிராமை நிறுத்தினார்.

அது முதல் தப்பு. அந்த போர்டு, கடைசியாக வந்த சீட்டை அடுத்த சீட்டு வரும் வரைக்கும் காட்டிக்கொண்டே இருக்கும். அதுவரை ஓடிக்கொண்டிருந்த கேள்வி, இப்போது அசையாமல் நின்று கேட்டது. மீசைக்காரருக்குப் பின்னால் கவுன்ட்டரில் பதினோரு பேர் வரிசையில் நின்றார்கள். இருப்பதாகச் சொல்லாவிட்டால் டோக்கன் ரத்தாகிவிடும் என்று யாரோ கிளப்பிவிட்டிருந்தார்கள். கவுன்ட்டர் அக்கா நோட்டில் கோடு போட்டு, ‘இருக்கிறார்’ என்று ஒரு பத்தியும் ‘ஆளைக் காணோம்’ என்று ஒரு பத்தியும் ஆரம்பித்துவிட்டார்.

சரி, அடுத்த சீட்டு போனால்தானே இது மறையும் என்று புரோகிராமை மறுபடி ஓட்டி, டோக்கன் நம்பரை அனுப்பினார். நம்பர் போயிற்று. ஆனால் ஒவ்வொரு சீட்டுக்கு முன்னாலும் கேட்கச் சொல்லித்தானே அம்மாவைப் பழக்கியிருந்தார்.

‘நீங்கள் இன்னும் உயிரோடு இருக்கிறீர்களா?’ என்றது போர்டு. உடனே, ‘டோக்கன் 17’ என்றது.

மீசைக்காரர் மெதுவாக எழுந்தார்.

“நான்தான் வந்து சொல்லிட்டேனேம்மா. என்னை மட்டும் ஏன் திரும்பத் திரும்பக் கேக்கறீங்க? ரிப்போர்ட்ல ஏதாவது வந்திருக்கா?”

அவர் வந்தது வெறும் கண்ணாடி பவர் மாற்ற. கவுன்ட்டர் அக்கா அவருக்குத் தண்ணீர் கொடுத்து உட்கார வைத்தார்.

மணி பத்தானது. பதினாறு பேரைப் பார்த்துவிட்டு டீக்குப் போயிருந்த பெரிய டாக்டர் திரும்பி வந்து, அடுத்த ஆளைக் கூப்பிட மேஜையில் இருந்த பொத்தானை அழுத்தினார்.

மணியும் அம்மாவின் பிள்ளைதான். எந்தச் சீட்டு வந்தாலும் அடிப்பது ஒன்றுதான் அதற்குத் தெரியும். இரண்டு வினாடி அடித்து முடித்த பிறகே பதில் சீட்டு அனுப்பும். அம்மாவோ அரை வினாடிதான் காத்திருப்பாள். உயிரோடு இருக்கிறீர்களா என்று கேட்டாள். மணி அடித்தது. பதில் வரவில்லையே என்று மறுபடி கேட்டாள். மறுபடி அடித்தது. மூன்றாவது முறையும் கேட்டுவிட்டு, போகட்டும் என்று உண்மையான அழைப்பை அனுப்பினாள். அதற்கும் அடித்தது.

ஒரு பொத்தானுக்கு நான்கு மணி. ஒரு மணிக்கு ஒரு ஆள். பதினேழு, பதினெட்டு, பத்தொன்பது, இருபது ஆகிய நால்வரும் ஒழுங்காக வரிசையில் உள்ளே போனார்கள்.

கண் பரிசோதனை அறை இருட்டாகத்தான் இருக்கும். எழுத்துப் பலகைக்கு மட்டும் விளக்கு. பெரிய டாக்டர் கருவிக்குள் கண்ணை வைத்தபடி, கடைசி வரியைப் படியுங்கள் என்றார். நான்கு குரல்கள் படித்தன. இரண்டு பேர் சரியாக, ஒருவர் தப்பாக, ஒருவர் அதற்கு மேல்வரியை. இருபது வருஷ அனுபவத்தில் அப்படி ஒரு கண்ணை அவர் பார்த்ததில்லை. விளக்கைப் போட்டுப் பார்த்தபோது, இருபதாம் நம்பரின் துணைக்கு வந்த கொழுந்தனாரும் சேர்த்து ஐந்து பேர் இருந்தார்கள்.

இந்தச் செய்தி கம்ப்யூட்டர் சாருக்கு இன்டர்காமில் வந்து சேர்ந்தது. கவுன்ட்டர் அக்கா பதற்றமில்லாமல்தான் சொன்னார்.

“உள்ள அஞ்சு பேர் இருக்காங்களாம் சார். டாக்டர் சிரிக்கறாரா திட்டறாரான்னு கதவுக்கு இந்தப் பக்கம் தெரியல.”

மணிக்கு அவகாசம் போதவில்லை என்பது அவருக்குப் பிடிபட்டது. ஒரே இடத்தில்தானே திருத்த வேண்டும்? அம்மா கிளாஸில் காத்திருக்கும் நேரத்தை அரை வினாடியிலிருந்து ஐந்து வினாடியாக்கினார். ஓட்டினார். மணி கொஞ்சம் அடங்கியது. ஆனால் போர்டும் அதே தாயின் பிள்ளையாயிற்றே. பழைய போர்டு, பதிலைச் சாவகாசமாகத்தான் அனுப்பும். அதுவரை மிரட்டிவிட்டு ஓடிய கேள்வி, இப்போது ஐந்து வினாடி நின்று, பதிலை எதிர்பார்த்துக் கேட்டது. மூன்றாம் வரிசையில் ஒரு பச்சைப் பை அம்மாள், ஒவ்வொரு தடவையும், “இருக்கேன்பா, இருக்கேன்,” என்று பதில் சொல்ல ஆரம்பித்தார்.

கம்ப்யூட்டர் சார் கீபோர்டிலிருந்து கையை எடுத்தார். இனி அவசரப்பட்டுத் திருத்தினால் ஃபிரிட்ஜும் ஏதாவது பேச ஆரம்பிக்கும். சுவரைப் பார்த்தார். சுவரில் அவர் வரைந்த மூன்று படங்கள் ஒட்டியிருந்தன.

கட்டம் போட்டுப் பார்க்காமல் அவருக்கு யோசனை ஓடாது. அதற்கு அந்த ஆஸ்பத்திரி தோதான இடம். ஒரு பக்கம் அச்சான தாளைக் கிழித்துப் போடக் கூடாது என்பது பெரிய டாக்டரின் கண்டிப்பு. மறுபக்கம் எழுதித் தீர்க்க வேண்டும். கவுன்ட்டரில் சேரும் பழைய தாள்கள், வெள்ளைப் பக்கம் மேலே இருக்கும்படி கவிழ்த்து, அவரவர் மேஜைக்கு வந்துவிடும். பழைய சுற்றறிக்கை, தேதி போன முகாம் அறிவிப்பு என்று எதையாவது திருப்பிப் படித்து நேரத்தை வீணாக்கும் பழக்கம் அங்கே யாருக்கும் இல்லை. கடந்த ஒரு மாதமாக நடுநடுவே நல்ல கெட்டித் தாளாக ஒன்று வந்து கீபோர்டு மேல் கிடக்கும். பேனா வழுக்கிக்கொண்டு போகும். நல்ல படங்களையெல்லாம் அதில்தான் போட்டார். முதல் தாளில் அம்மா. இரண்டாவதில் அம்மாவும் பிள்ளைகளும். மூன்றாவதில் யார் யாருக்குச் சீட்டு வீசுகிறார்கள் என்று அம்புக்குறிகள்.

அந்த மூன்றாவது படத்தைப் பார்த்தபோது விஷயம் விளங்கியது. கேள்வி கேட்கிற பழக்கத்தை எல்லாப் பிள்ளைகளுக்கும் ஏன் பொதுவில் வைக்க வேண்டும்? ஃபிரிட்ஜுக்கு அது பொருந்தும். போர்டையும் மணியையும் சும்மா விடலாம். வேண்டுமென்கிற பிள்ளை கேட்கட்டும், வேண்டாமென்றால் அம்மா வாயைத் திறக்கக் கூடாது. மூன்று வரி. எழுதினார். ஓட்டினார். கதவிடுக்கு வழியாகப் பார்த்தார்.

‘டோக்கன் 24’ என்றது போர்டு. வேறெதுவும் சொல்லவில்லை. மணி ஒரு முறை அடித்தது. ஒரே ஓர் ஆள் உள்ளே போனார். பச்சைப் பை அம்மாள் இன்னும் ஒரு தடவை, “இருக்கேன்,” என்று சொல்லிவிட்டு, பதில் வராததால் ஏமாந்தவர்போல் பையைத் திறந்து தண்ணீர் குடித்தார்.

கம்ப்யூட்டர் சார் கதவிலேயே சாய்ந்துகொண்டார். அப்போதுதான், பெரிய டாக்டர் கூப்பிடுகிறார் என்று சொல்லி அனுப்பினார்கள்.

போகிற போக்கில் மூன்று படங்களையும் சுவரிலிருந்து உரித்துக்கொண்டார். எப்படியும் போகப் போகிறோம், வேலையை ஒழுங்காகத்தான் யோசித்தோம் என்றாவது தெரியட்டும்.

பெரிய டாக்டர் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருந்தார். கம்ப்யூட்டர் சார் படங்களை ஒவ்வொன்றாக அவர் முகத்துக்கு நேரே தூக்கிப் பிடித்து, சீட்டு வீசுவதில் ஆரம்பித்து அம்மா, பிள்ளைகள், அரை வினாடி, ஐந்து வினாடி என்று எல்லாவற்றையும் ஒப்புவித்தார். தப்பு முழுக்கத் தன்னுடையதே என்றும் சொன்னார். தாளின் மறுபக்கம் தன் மூக்குக்கு நேரே இருந்தும், அவர் கண் முழுக்க டாக்டரின் முகத்திலேயே இருந்தது. அந்த முகத்திலிருந்து ஒன்றும் படிக்க முடியவில்லை.

திட்டுவார் என்று எதிர்பார்த்தார். டாக்டர் திட்டவில்லை. கவுன்ட்டரில் இன்று எடுத்த கணக்கில் ஒன்பது பேர் டோக்கன் வாங்கிவிட்டு வீட்டுக்குப் போயிருந்தது தெரிந்ததாகவும், ஆளில்லாத நம்பரைக் கூப்பிட்டுக் காத்திருக்காமல் முதல் தடவையாக வேலை வேகமாக நடக்கிறதென்றும் சொன்னார். கேள்வியை மட்டும் ‘காத்திருக்கிறீர்களா?’ என்று மாற்றினால் நல்லது என்றார். பிறகு கண்ணாடியை மாட்டிக்கொண்டு இவரைக் கொஞ்ச நேரம் பார்த்தார்.

“ஃபிரிட்ஜ்கூட கேட்டா அரை செகண்டுல பதில் சொல்லிடுதுன்னு சொல்றீங்க.”

“ஆமா சார். நாலு டிகிரின்னு சொல்லும்.”

“மனுஷங்கதான் ஒரு மாசம் எடுத்துக்கறாங்க,” என்றார் பெரிய டாக்டர். “சரி, கவுன்ட்டர்ல போய்ப் பேசிக்கோங்க. போகணும்னா போங்க, தடுக்க மாட்டேன். ஆனா எதுவா இருந்தாலும் இன்னிக்குத் தெரிஞ்சாகணும்.”

போகணும்னா போங்க. இதைவிட மரியாதையாக ஒருவரை அனுப்ப முடியாது என்று கம்ப்யூட்டர் சாருக்குத் தோன்றியது. நன்றி சொல்லிவிட்டு வெளியே வந்தார். வந்து நின்றதும், ஆச்சரியமாக, மனசு கொஞ்சம் லேசாகத்தான் இருந்தது. ஒரு மாதமாக வராத பதில் ஒருவழியாக வந்துவிட்டது. கேட்காமலே. ஒன்பது பெட்டியும் கட்டினபடியே இருப்பதும் ஒரு வகையில் நல்லதுதான்.

படங்களை யாரும் பார்க்க வேண்டாம் என்று வரைந்த பக்கத்தை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு கூடத்தைக் கடந்தார். மீசைக்காரர் புதுக் கண்ணாடிச் சீட்டோடு எதிரே வந்து, தனக்கு ஒன்றுமில்லை என்று டாக்டரே சொல்லிவிட்டதாக அவரிடம் சொல்லிக் கைகுலுக்கினார். கவுன்ட்டருக்கு வந்து சேர்ந்தபோது சட்டைப்பையில் ஃபோன் அடித்தது. மனைவி.

“என்னங்க, கடையிலதான் நிக்கறேன். வீட்டுக்காரம்மா வேற ரெண்டு தடவை கூப்பிட்டுட்டாங்க. சொல்லுங்க. டேப்பா, கத்திரியா?”

ஒரு நிமிஷம் என்று மட்டும் சொல்லிவிட்டு, ஃபோனைக் காதிலிருந்து எடுக்காமலே கவுன்ட்டர் அக்காவிடம், பெரிய டாக்டர் அனுப்பினார், கணக்கு முடிக்க என்ன கையெழுத்து வேண்டுமோ போட்டுவிடுகிறேன் என்றார். பெட்டி விஷயமெல்லாம் உங்களுக்கே தெரியும், டேப்பா கத்திரியா என்று கடையில் நின்று கேட்கிறாள், டேப் என்று சொல்லிவிடவா என்றும் கேட்டார்.

கவுன்ட்டர் அக்காவின் பார்வை கம்ப்யூட்டர் சாரின் நெஞ்சில் நின்றது. அணைத்துப் பிடித்திருந்த தாளை இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடி வரை, உதடு அசைய, ஒரு வரி விடாமல் படித்தார். பிறகு பேனாவைக் கீழே வைத்தார்.

“கத்திரின்னு சொல்லுங்க சார். ரகசியக் கடிதமாச்சேன்னு கவுத்து வெச்சது என் தப்புதான், ஆனா வேலை நிரந்தரம்னு ஒரே மாசத்துல மூணு தடவை கையெழுத்துக்காக உங்க மேஜையில ஆர்டர் வெச்சேன், மூணு தடவையும் பின்னாடி கட்டம் போட்டு சுவத்துல ஒட்டி வெச்சிருக்கீங்களே.”